டெட்ராய்ட் நகர மையம் ஏன் காலியானது, யார் பணத்தில் நிமிர்ந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்டின் டவுன்டவுன் எது? எவ்வளவு பெரியது?

ஒரு பக்கம் டெட்ராய்ட் ஆறு. மற்ற மூன்று பக்கமும் லாட்ஜ், ஃபிஷர், கிரைஸ்லர் என்ற மூன்று ஃப்ரீவேக்கள், அதாவது விரைவுச்சாலைகள். இவற்றுக்கு இடைப்பட்ட சுமார் ஒன்றரைச் சதுர மைல்தான் டவுன்டவுன். ஆற்றின் அக்கரையில் தெரிவது கனடாவின் வின்ட்சர். நகரத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டர் என்பதால், மையம் அதில் நூற்றில் ஒரு பங்குதான். ‘டெட்ராய்ட் மீண்டுவிட்டது’ என்ற செய்தியோடு வரும் படங்கள் பெரும்பாலும் இந்த ஒரு பங்கில் எடுத்தவை. கீழே உள்ளதைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

ஒரு காலத்தில் அங்கே என்னதான் இருந்தது?

1950 கணக்கெடுப்பில் டெட்ராய்டின் மக்கள்தொகை 18,49,568. அமெரிக்காவில் ஐந்தாவது பெரிய நகரம். வுட்வர்ட் அவென்யூவில் ஹட்சன்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நின்றது. இருபது மாடிகளுக்கு மேல் உயர்ந்த அந்தக் கடையைவிடப் பெரியதாக நியூயார்க்கின் மேசிஸ் ஒன்றுதான் அந்த நாட்டில் இருந்தது. தொப்பி வாங்குவதானாலும் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுப்பதானாலும் டிராம் ஏறி இங்கேதான் வருவார்கள். நன்றி தெரிவிக்கும் நாள் ஊர்வலத்தை 1924இல் தொடங்கியதும் இந்தக் கடைதான். அந்த ஊர்வலம் இன்றும் நடக்கிறது.

டிராம் 1956இல் நின்றது. கடை 1983இல் மூடியது. பதினைந்து ஆண்டுகள் காலியாகக் கிடந்த கட்டடத்தை 1998 அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

ஆனால் ஹட்சன்ஸின் முடிவு 1983இல் தொடங்கவில்லை. 1954இல் சவுத்ஃபீல்டு என்ற புறநகரில் நார்த்லேண்ட் என்ற பிரம்மாண்டமான கடைவளாகம் திறந்தது. ஆயிரக்கணக்கான கார்களை நிறுத்த இடம் கொண்ட அந்த வளாகத்தைக் கட்டியது போட்டிக்காரர் யாருமில்லை, ஹட்சன்ஸேதான்! வாடிக்கையாளர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியாதா என்ன?

1967 கலவரத்தால்தானே டெட்ராய்ட் அழிந்தது?

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இதுதான். ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை.

1947க்கும் 1963க்கும் இடையில் மட்டும் டெட்ராய்ட் 1,34,000 தொழிற்சாலை வேலைகளை இழந்தது. பேக்கார்ட் கார் தொழிற்சாலை 1956இல் மூடப்பட்டது. பல மாடித் தொழிற்சாலைகள் காலாவதியாகிவிட்டன. அசெம்பிளி லைனை ஒரே தளத்தில் நீட்டிப் போட ஏக்கர் கணக்கில் நிலம் தேவைப்பட்டது, அது நகருக்குள் இல்லை. மூன்று பெரிய கார் கம்பெனிகளும் புதிய ஆலைகளைப் புறநகரில் கட்டின. 1960 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 16,70,144ஆக இறங்கியிருந்தது. கலவரத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பே ஏறத்தாழ 1.8 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள்.

போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் போக முடியவில்லை. புறநகர் வீட்டுப் பத்திரங்களிலேயே ‘கறுப்பருக்கு விற்கக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தது. கறுப்பர்கள் வசிக்கும் தெருக்களுக்கு வீட்டுக்கடன் உத்தரவாதம் தர ஒன்றிய அரசின் வீட்டுவசதித் துறையே மறுத்தது. 1941இல் நகரத்தின் வடக்கு எல்லையான எய்ட் மைல் சாலை அருகே ஒரு மனை வணிகர், தன் வெள்ளையர் குடியிருப்புக்கு அந்த உத்தரவாதம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே பக்கத்துக் கறுப்பர் தெருவைப் பிரித்து ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளச் சுவர் எழுப்பினார். அது இன்னும் நிற்கிறது, இப்போது ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

மையத்தை ஒட்டி பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்று இரண்டு கறுப்பின வட்டாரங்கள் இருந்தன. ஹேஸ்டிங்ஸ் தெருவில் கடைகள், ஜாஸ் கிளப்புகள், மருத்துவர்கள், தேவாலயங்கள் எல்லாம் நிறைந்திருந்தன. ‘சேரி ஒழிப்பு’ என்று சொல்லி 1950களில் அந்த வட்டாரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். ஹேஸ்டிங்ஸ் தெரு இருந்த வழியில் கிரைஸ்லர் ஃப்ரீவே வந்தது. வாடகைக்கு இருந்தவர்களுக்கு மாற்று வீடு என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. பலர் 12ஆம் தெருப் பக்கம் போய் நெருக்கியடித்துக் குடியேறினார்கள்.

1967 ஜூலை 23 அதிகாலையில், உரிமம் இல்லாமல் நடந்த ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை நடத்தியபோது கலவரம் வெடித்தது. இடம் அதே 12ஆம் தெரு; டவுன்டவுனிலிருந்து சில மைல் தள்ளி இருக்கிறது. ஐந்து நாளில் 43 பேர் இறந்தார்கள், அவர்களில் 33 பேர் கறுப்பர்கள். ராணுவம் இறங்கியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வெளியேற்றம் அதன் பிறகு பல மடங்கு வேகம் பிடித்தது என்பது உண்மை. அதைத் தொடக்கமாகச் சொல்வதுதான் தவறு. அப்படிச் சொல்வதில் ஒரு வசதியும் இருக்கிறது: பத்திரத்தில் நிபந்தனை எழுதியவர், கடன் மறுத்தவர், தெருவை இடித்தவர் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஜப்பான் கார்கள் வந்ததுதான் காரணமா?

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சிறிய ஜப்பானிய கார்கள் பெரிய அடி கொடுத்தன. ஆனால் அந்த அடி டெட்ராய்ட் கம்பெனிகளுக்கு. நகரம் அதற்குள் அவர்களின் ஆலைகளில் பலவற்றை இழந்திருந்தது. ஃபோர்டின் தலைமையகம் டியர்பர்னில் இருக்கிறது. கிரைஸ்லர் ஆபர்ன் ஹில்ஸுக்குப் போனது. இரண்டும் டெட்ராய்ட் எல்லைக்கு வெளியே.

புறநகர் வளர்ந்தால் நகரத்துக்கு என்ன நஷ்டம்? எல்லாம் ஒரே ஊர்தானே?

மொத்த விவகாரத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் நகரம் பெருகினால் மாநகராட்சி எல்லையை அரசு விரித்துவிடும். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426க்குப் போனது. அம்பத்தூர், ஆவின் பால் பண்ணை இருக்கும் மாதவரம், ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன, அவற்றின் சொத்து வரியும் உள்ளே வந்தது. டெட்ராய்டின் எல்லை 1920களின் நடுவோடு நின்றுவிட்டது. அதன்பின் சுற்றிலும் தனித்தனி நகராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி வரி, தனிப் பள்ளி. நகரத்தின் வயிற்றுக்குள்ளேயே ஹைலேண்ட் பார்க், ஹாம்ட்ராமக் என்று இரண்டு தனி நகரங்கள் இருக்கின்றன. முதலாவதில் ஃபோர்டு ஆலை, இரண்டாவதில் டாட்ஜ் ஆலை. அந்த வரி டெட்ராய்டுக்குப் போய்விடக் கூடாது என்று பிரிந்தே நின்றார்கள்.

ஆகவே ஒரு குடும்பம் எய்ட் மைல் சாலையைத் தாண்டி அரை மைல் வடக்கே வீடு மாறினால்கூட அதன் சொத்து வரி முழுக்க டெட்ராய்டின் கையைவிட்டுப் போகும். மக்கள் குறைந்தார்கள், ஆனால் 360 சதுர கிலோமீட்டரின் சாலையும் குழாயும் தெருவிளக்கும் குறையவில்லை. 18 லட்சம் பேர் சேர்ந்து தாங்கிய செலவை 7 லட்சம் பேர் தாங்க வேண்டிவந்தது. அந்த 7 லட்சமும் பெரும்பாலும் ஏழைகள்.

பள்ளிகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றமே இந்த எல்லைக்கோட்டை உறுதிப்படுத்தியது. நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளையும் புறநகர் வெள்ளைப் பிள்ளைகளையும் பேருந்தில் மாற்றி அனுப்பிப் பள்ளிகளைக் கலக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1974இல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை இதில் இழுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. பிள்ளையின் பள்ளியை முன்வைத்து யோசித்த பெற்றோருக்கு அது போதுமான சேதி.

சரிவைத் தடுக்க யாரும் எதுவும் செய்யவில்லையா?

நிறையச் செய்தார்கள். பத்தாண்டுக்கு ஒரு பெரிய கட்டடம், அதற்கு ஒரு பெரிய திறப்பு விழா.

1977இல் ஆற்றங்கரையில் ரெனசான்ஸ் சென்டர் வந்தது. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு முன்னின்று பணம் திரட்டினார், வடிவமைத்தவர் ஜான் போர்ட்மேன். நடுவில் 73 மாடி ஹோட்டல், சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள். காரில் வந்து, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே கடைக்குப் போய், காரிலேயே வீடு திரும்பலாம். தெருவில் கால் வைக்கவே வேண்டாம். தெருவுக்கு உயிர் கொடுக்க வந்த கட்டடம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பழைய கட்டடங்களில் இருந்த அலுவலகங்கள் இங்கே மாறியதில் அவை வேறு காலியாயின.

1987இல் பீப்பிள் மூவர் என்ற உயர்மட்ட ரயில். மையத்தைச் சுற்றி 2.9 மைல் வட்டம். நகரத்தையும் புறநகரையும் இணைக்கும் பெரிய ரயில் திட்டத்தின் கடைசிக் கண்ணியாக இருந்திருக்க வேண்டியது. நகரமும் புறநகரும் ஒத்துப்போகாததால் பெரிய திட்டம் வரவில்லை, கண்ணி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1999 முதல் கேசினோக்கள் மூன்று. அவற்றின் வரி நகராட்சிக்கு உண்மையிலேயே உதவியது, அண்டை வீதிகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது பணமும் பகட்டும் குறைவான ஒன்று: 2004இல் திறந்த கேம்பஸ் மார்ஷியஸ் பூங்கா. பல சாலைகள் வந்து முட்டும் சந்தியில் புல்தரை, நாற்காலிகள், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தளம். மக்கள் சும்மா வந்து உட்கார ஒரு இடம்.

பழைய வானளாவிகள் எப்படித் தப்பின?

இடிக்கக்கூடப் பணமில்லாததால். இது கேலிக்காகச் சொன்னதல்ல. வளமான அமெரிக்க நகரங்கள் 1960களிலும் 70களிலும் தங்கள் 1920களின் கட்டடங்களை இடித்துக் கண்ணாடிப் பெட்டிகள் கட்டின. டெட்ராய்டில் அந்த அளவுக்கு யாருக்கும் தேவை வரவில்லை. 1984இல் மூடிய புக் கெடிலாக் ஹோட்டல் 2008இல் திறந்தது, பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த புக் டவர் 2023இல் திறந்தது.

2013 திவால் என்பது என்ன?

ஜூலை 18 அன்று, சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் டெட்ராய்ட் திவால் மனு போட்டது. அமெரிக்க வரலாற்றில் வேறெந்த நகராட்சியும் இவ்வளவு பெரிய தொகைக்குத் திவாலானதில்லை. அதற்கு முன்பே மிச்சிகன் மாநில ஆளுநர், தேர்ந்தெடுக்கப்பட்ட மேயருக்கும் மன்றத்துக்கும் மேலாக கெவின் ஓர் என்ற அவசரகால மேலாளரை நியமித்திருந்தார். அப்போது தெருவிளக்குகளில் ஏறத்தாழ 40 சதவீதம் எரியவில்லை.

கடன்காரர்களின் பார்வை நகராட்சிக்குச் சொந்தமான கலைக்கூடத்தின் மீது விழுந்தது. வான் கோ, ப்ரூகல் ஓவியங்களை விற்றால் என்ன என்று மதிப்புப் போடக்கூட ஆள் வந்தாயிற்று. கடைசியில் அறக்கட்டளைகள், மாநில அரசு, கலைக்கூடத்தின் நன்கொடையாளர்கள் சேர்ந்து 80 கோடி டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டார்கள். பணம் ஓய்வூதிய நிதிக்கு, ஓவியங்கள் தனி அறக்கட்டளையின் பொறுப்புக்கு. ஓவியம் தப்பியது. ஆனால் பொதுப் பணியாளர்களின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டு, விலைவாசிப் படி ரத்து, மருத்துவச் சலுகையில் பெருமளவு குறைப்பு. முப்பது ஆண்டுகள் குப்பை வண்டி ஓட்டியவரும் இந்தக் கணக்கில் பங்களித்திருக்கிறார், அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 2014 டிசம்பரில் நகரம் திவாலிலிருந்து வெளியே வந்தது. 2016 முடிவதற்குள் 65,000 புதிய எல்.இ.டி. விளக்குகள் எரிந்தன.

மையம் மீண்டது ஒரே பணக்காரரால் என்கிறார்களே?

டான் கில்பர்ட்டைச் சொல்கிறார்கள். குவிக்கன் லோன்ஸ் என்ற வீட்டுக்கடன் கம்பெனியின் நிறுவனர். 2010இல் புறநகரிலிருந்த தலைமையகத்தை டவுன்டவுனுக்கு மாற்றினார். பிறகு பெட்ராக் என்ற தன் மனை நிறுவனம் மூலம் கட்டடங்களை வாங்கத் தொடங்கினார். அப்போது விலை அடிமட்டம். நூற்றுக்கும் மேல் வாங்கிவிட்டார்.

நல்லது நடந்ததா? நடந்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தினமும் வந்து இறங்கினால் மதியச் சாப்பாட்டுக் கடை தானாக வரும். ஹட்சன்ஸ் நின்ற மனையில் நகரத்தின் இரண்டாவது உயரமான கட்டடம் எழுந்து, ஜெனரல் மோட்டார்ஸின் தலைமையகமும் அங்கே வந்திருக்கிறது. அதனால் காலியாகவிருந்த ரெனசான்ஸ் சென்டரின் இரண்டு கோபுரங்களை இடிக்கலாம் என்று 2024இல் யோசனை சொன்னார்கள்.

ஆனால் ஒரு நகர மையத்தின் பெரும் பகுதி ஒரே வீட்டுக்காரரிடம் இருந்தால், வாடகை, காவல், கேமரா, எந்தக் கடை எந்த முனையில் என்பதெல்லாம் ஓரளவு ஒருவரின் விருப்பமாகிவிடுகிறது. அவரை நம்பி நகரம் தப்பியது. அவர் தொழில் படுத்தால் என்ன என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது.

இதில் பொதுமக்கள் பணம் எவ்வளவு?

விளம்பரப் பலகைகள் காட்டுவதைவிட நிறைய. வழிமுறை இதுதான். டவுன்டவுனுக்கு ஒரு தனி வளர்ச்சி ஆணையம் உண்டு. அதன் எல்லைக்குள் சொத்து மதிப்பு உயர்ந்தால், உயர்ந்த பங்குக்கான வரியில் பெரும்பகுதி பொது கஜானாவுக்குப் போகாமல் ஆணையத்திடமே தங்கி, டவுன்டவுனிலேயே செலவாகும். வயலின் தலைமடையில் பாய்ந்த தண்ணீரை வரப்பு கட்டித் தலைமடைக்கே திருப்புவது மாதிரி. கடைமடைக்குக் கசிவுதான் மிச்சம்.

லிட்டில் சீசர்ஸ் அரங்கம் 2017இல் திறந்தது. ஐஸ் ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்குமான அதன் செலவில் 32 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம். மாநில அமைப்பு அதற்கு ஒப்புதல் தந்தது 2013 ஜூலையில், நகரம் திவால் மனு போட்ட அதே மாதத்தில். அரங்கத்தைச் சுற்றி ஐந்து புதிய குடியிருப்பு வட்டாரங்கள் வரும் என்றார்கள். அரங்கம் வந்தது, சுற்றிலும் பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்களே வந்தன. ஹட்சன்ஸ் மனைக்கும் 2022இல் 6 கோடி டாலர் வரிச்சலுகை.

நகராட்சிக்கு நேரடியாகக் கிடைப்பது வருமான வரி. டெட்ராய்டில் வசிப்பவர் 2.4 சதவீதம், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர் 1.2 சதவீதம் கட்டுகிறார். சலுகை தரும்போது கைகாட்டுவது இதைத்தான். ஆனால் இந்த வெளியூர் வரி நகரத்தில் செய்த வேலைக்கு மட்டும்தான். கோவிட் காலத்தில் ஊழியர்கள் புறநகர் வீட்டிலிருந்தே வேலை செய்ததும் அந்த வரியும் நழுவியது.

மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் என்ன ஆனது?

1913இல் திறந்து, 1988 ஜனவரியில் கடைசி ரயில் போன பிறகு முப்பது ஆண்டுகள் பாழடைந்து நின்ற கட்டடம். டெட்ராய்ட் சிதைவைப் படமெடுக்க வந்த யாரும் இதை விட்டதில்லை. 2018இல் ஃபோர்டு வாங்கியது, 2024 ஜூனில் அலுவலகங்களும் பொதுக்கூடமுமாகத் திறந்தார்கள். ஃபோர்டு வாங்கியதும், கட்டடத்திலிருந்து திருடிப்போன பழைய கடிகாரத்தை ஒருவர் பெயர் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்; அப்படிப் போன பொருட்களைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வோம் என்று ஃபோர்டும் அறிவித்தது.

மற்ற 99 சதவீத நகரத்துக்கு என்ன கிடைத்தது?

கலந்துதான். 1957க்குப் பிறகு முதல் முறையாக 2023இல் மக்கள்தொகை சற்றே ஏறியது. 2024 மதிப்பீடு சுமார் 6,45,700. அந்த ஆண்டு கொலைகள் 203. 1960களின் நடுவிலிருந்து அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. பக்கத்து வீட்டு மனை காலியாக இருந்தால், கைவிடப்பட்ட மனைகளை வைத்திருக்கும் நில வங்கி என்ற பொது அமைப்பிடம் 100 டாலருக்கு வாங்கலாம். பலர் வாங்கித் தோட்டம் போட்டிருக்கிறார்கள்.

மறுபக்கம் கொடுமையானது. வீட்டு விலைகள் 2008க்குப் பிறகு பாதாளத்துக்குப் போனபோதும், நகராட்சி பழைய மதிப்பிலேயே சொத்து வரி போட்டது. சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் மதிப்பிடக் கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சட்டம். 2010 முதல் 2016 வரை இப்படிக் கூடுதலாகப் போட்ட வரி குறைந்தது 60 கோடி டாலர் என்று டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் 2020இல் கணக்கிட்டது. கட்ட முடியாத பலரின் வீடுகளை மாவட்டம் ஜப்தி செய்து ஏலம் விட்டது. சட்டப்படி வந்திருக்கவே கூடாத வரிக்காக வீடு போனவர்களுக்கு அந்தப் பணம் திரும்பவில்லை.

கிரைஸ்லர் ஃப்ரீவேயை மூடப்போகிறார்களாமே?

அதில் ஐ-375 என்ற, தெருமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் ஓடும் ஒரு மைல் துண்டை மட்டும். பள்ளத்தை நிரப்பிச் சாதாரண சாலையாக்கி, மிஞ்சும் நிலத்தில் மீண்டும் வீடும் கடையும் வரட்டும் என்பது திட்டம். 2022இல் ஒன்றிய அரசு 10 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. செலவு எகிறியதும் 2025இல் மாநிலம் நிறுத்திவைத்தது. அந்த நிலம் யாருக்கு என்ற கேள்விக்கு, பிளாக் பாட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் பதில் கேட்கின்றன.

சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்கிறோம். பயப்பட வேண்டுமா?

ஃபோர்டு மறைமலைநகரில் உற்பத்தியை 2022இல் நிறுத்தியபோது இதைப் பலர் கேட்டார்கள். ஒரு ஆலை மூடுவது துயரம்தான், ஆனால் அது மட்டும் ஒரு நகரத்தைச் சாய்க்காது. டெட்ராய்டைப் பார்த்துச் சென்னை கேட்க வேண்டிய கேள்வி வேறு: திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் விளையும் வரி எங்கே போகிறது? அங்கே வேலை செய்பவர் குடியிருக்கும் ஊரின் குடிநீருக்கும் பள்ளிக்கும் யார் செலவழிக்கிறார்கள்?

டெட்ராய்டில் தமிழர்கள் எங்கே இருக்கிறார்கள்?

‘டெட்ராய்டில் இருக்கிறேன்’ என்று சொல்லும் நம்மவர் பெரும்பாலும் இருப்பது நோவை, டிராய், கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ். எல்லாம் புறநகர்கள். பள்ளி நல்ல பள்ளி, அலுவலகம் பக்கம் என்ற அதே காரணங்கள்தான். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன்டவுனுக்குக் கூட்டிப்போவார்கள்.

அப்படிப் போனால் எதைப் பார்ப்பது?

கார்டியன் பில்டிங்கின் உட்கூடத்தை முதலில் பாருங்கள். 1929இல் கட்டியது, வண்ண ஓடுகள் பதித்த கூரை. ஆற்றங்கரை நடைபாதை மாலையில் நன்றாக இருக்கும். சனிக்கிழமையானால் மையத்துக்குச் சற்று வெளியே ஈஸ்டர்ன் மார்க்கெட், காய்கறிக்கும் கூட்டத்துக்கும். வுட்வர்ட் வழியே கியூலைன் டிராமில் வடக்கே போனால் கலைக்கூடம் வரும், டியகோ ரிவேரா ஃபோர்டு ஆலைத் தொழிலாளர்களை வரைந்த சுவரோவியங்கள் நான்கு சுவரிலும் இருக்கின்றன. வெய்ன், ஓக்லாண்ட், மெகோம் மாவட்டவாசிகளுக்கு நுழைவு இலவசம். அந்த மூன்று மாவட்டத்தாரும் 2012இல் வாக்களித்துத் தங்கள் சொத்து வரியில் அதற்கென்று ஒரு சிறு பங்கைச் சேர்த்துக்கொண்டார்கள். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.